மூன்று பௌர்ணமி, மூன்று டியூப்

குப்பம்மாளின் இதயத்தில் அந்தத் தழும்பு எப்போது விழுந்தது? அவருடைய முதல் டியூபை நான் கழுவி ஊற்றுவதற்கு முன்பா, இரண்டாவதையும் ஊற்றிய பிறகா?

எனக்கு இன்றுவரை தெரியாது. ஈ.சி.ஜி. எடுத்த டாக்டரையே கேட்டேன். "பழைய தழும்புமா. எப்பனு இந்தக் காகிதம் சொல்லாது" என்றார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். என்னால் அப்படி மடித்து வைக்க முடியவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். பணி அனுபவங்களை எழுத வேண்டியவர்கள் முப்பது வருடம் வேலை பார்த்து, மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போனவர்கள். நான் பார்த்தது ஏழு வருடம். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது வேலையை விட்டேன். இப்போது வேங்கிக்காலில் வீட்டோடு இருக்கிறேன். இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். கழுவி ஊற்றிய கை என்னுடையது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு முப்பது வருடம் தேவையில்லை.

நான் பயந்த சுபாவக்காரி. டியூபில் ஒட்டிய பெயரை மூன்று முறை படிப்பேன். பெரிய மகள் அப்போது புட்டிப்பால் குடிக்கிற வயது. எதிர்வீட்டில் விட்டுவிட்டு வருவேன். ரப்பரைக் கொதிக்கவைத்தேனா, பாலை ஆற்றினேனா என்று பாதி மனது அங்கேயே நிற்கும். எங்கள் கூடத்தின் பொறுப்பாளரை நாங்கள் சீனியர் என்போம். நல்ல வேலைக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "இந்தம்மா தன் பேரையே யாரையாச்சும் ரெண்டு தடவ கேட்டுட்டுதான் கையெழுத்து போடும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பயப்படுவது இந்த வேலைக்கு ஆகாது என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். நான் தப்பு செய்தது பயந்துகொண்டிருந்த நாட்களில் இல்லை. எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டு, பயத்தை விட்டிருந்த நாட்களில்தான்.

எங்கள் கூடம் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. கோயிலுக்கு வருகிற சுற்றுவட்டார ஜனங்கள் அப்படியே ரத்தமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரே பஸ்ஸில் இரண்டு வேலை முடிந்தது. பௌர்ணமிக்கு வந்து மலை சுற்றிவிட்டு, விடிந்ததும் சாமியைப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். இவர்கள் ராத்திரி முழுக்க மலை சுற்றி நடந்துவிட்டு வந்திருக்கிறார்கள், எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் சேர்ந்த புதிதில் நினைத்தேன்.

ஒரு பூக்கடைக்காரர்தான் அந்த நினைப்பைக் கலைத்தார். ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கிற நீரைச் சீரம் என்கிறோம். அது வைக்கோல் நிறத்தில், அந்தப் பக்கம் பிடித்த விரல் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். அவருடையது கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. சீனியர் அவரைக் கூப்பிட்டு என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். ஒன்றுமே சாப்பிடவில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகு கோயிலில் பொங்கல் கொடுத்தார்கள், நெய் ஒழுக ஒழுக இருந்தது என்று வந்தது.

"அப்புறம் சாப்புடலன்ற?"

"அது பிரசாதம் சார். சாமி குடுத்தத சாப்பாட்டுல சேக்கலாமா?"

அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் யாரும் பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. விரதம் இருக்கிறவர்கள்கூடச் சேர்ப்பதில்லை. என் மாமியாரும் சேர்ப்பதில்லை. நெய் சாப்பிட்டால் சில மணி நேரம் சீரம் கலங்கித்தான் இருக்கும். அன்றிலிருந்து கலங்கிய சீரத்துக்கு எங்கள் கூடத்தில் 'பொங்கல்' என்று பெயர் விழுந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பொங்கல்" என்பேன். "இன்னிக்கு நெய் ஜாஸ்தியா, கம்மியா?" என்று சீனியர் கேட்பார். டாக்டர் கொடுத்த சீட்டில் சர்க்கரை என்று எழுதியிருக்கும். சர்க்கரையைப் பார்த்து எழுதிவிட்டு மீதியைக் கழுவி ஊற்றுவோம்.

ஆளைக் கூப்பிட்டு "பிரசாதம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பூக்கடைக்காரருக்குப் பிறகு நாங்கள் யாரையும் கேட்கவில்லை. பதில்தான் எங்களுக்குத் தெரியுமே.

குப்பம்மாள் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வருவார். ஐம்பதை எட்டாத வயது. சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்கள். சில வருடங்களாகச் சர்க்கரை நோய். அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பௌர்ணமிதோறும் மலை சுற்ற வருவதால் டாக்டர் அவரை அந்தக் கணக்கிலேயே ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

முதல் பௌர்ணமியில் அவர் சீரம் கலங்கியிருந்தது. பொங்கல் என்றேன், ஊற்றினேன். அடுத்த பௌர்ணமியிலும் கலங்கியிருந்தது. பொங்கல் என்றேன், ஊற்றினேன். சர்க்கரை மட்டும் மாதத்துக்கு மாதம் நன்றாக இறங்கிக்கொண்டு வந்தது. டாக்டருக்குத் திருப்தி. குப்பம்மாளுக்கோ பரீட்சையில் முதலாவதாக வந்த பெருமை.

ஊற்றினேன் என்கிற அந்த இரண்டு வரிகளை எழுதத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. அந்த இரண்டு காலைகளிலும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். வேலை அதிகம் என்று சொல்லலாம். குழந்தைக்குச் சளி என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டுமே காரணம் இல்லை. எல்லாரும் சிரிக்கிற ஒரு விஷயத்தில் நான் மட்டும் சந்தேகப்பட வெட்கமாக இருந்தது. அதுதான் காரணம்.

மூன்றாவது பௌர்ணமிக்கு மறுநாள் அவர் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். மலை சுற்றிய களைப்பு என்று நினைத்தேன். கையில் ரப்பர் குழாயைக் கட்டும்போது முந்தானை நழுவி, முடிச்சிலிருந்து இலைப் பொட்டலம் ஒன்று கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கப்போனேன். இலை விரிந்திருந்தது. உள்ளே கோயில் பொங்கல். நெய் உறைந்து, ஒரு பருக்கை குறையாமல் அப்படியே இருந்தது.

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நான் சக்கரக்காரி கண்ணு. எனக்கு எதுக்கு நெய்யும் சோறும்? கண்ணுல ஒத்திக்கினு முடிஞ்சிப்பேன். பொண்ணு மாசமா இருக்கறா, அவளுக்கு எடுத்துக்கினு போறேன்."

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவுந்தான். நேத்து பொழுதோட சாப்ட்டது. அதுக்கப்புறம் பச்சத்தண்ணி தவுர ஒண்ணும் வாயில படல. டாக்டர் சொன்னா கேக்க வாணாமா?"

ரத்தம் எடுத்தேன். அது உறைந்து, மெஷினில் சுற்றி முடிகிற வரைக்கும் அந்தப் பக்கமே போகவில்லை. தெளிவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு தடவை தெளிவாக இருந்துவிட்டால் போன இரண்டு தடவையும் மறந்துவிடலாம் என்பதுதான் அந்த வேண்டுதலின் உள்ளே இருந்தது. டியூபை எடுத்துப் பார்த்தேன். கஞ்சித் தண்ணீர்.

சீனியரிடம் போய்ச் சொன்னேன். கேட்டது சர்க்கரை, சர்க்கரையைப் போட்டு அனுப்பு என்றார். மீதிச் சீரத்தில் கொலஸ்ட்ராலாவது பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். சரி என்றார். பார்த்தேன். இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்தது.

"பாத்தியா? பெருசா ஒண்ணும் இல்ல. நிம்மதியா வீட்டுக்குப் போ, கொழந்த அழுவும்."

அந்த எண் எனக்கு நிம்மதி தரவில்லை. இதை நீங்கள் கவனமாகக் கேளுங்கள். ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பு ஒரு வகை மட்டும் இல்லை. கொலஸ்ட்ரால் எல்லாருக்கும் தெரிந்த பெயர். சீரத்தைக் கலக்குவது டிரைகிளிசரைடு. சர்க்கரை நோயாளிகளுக்குக் கொலஸ்ட்ரால் அடக்கமாக உட்கார்ந்திருக்கும்போதே இது ஏறி நிற்கலாம். சர்க்கரை அடங்கிவிட்டாலும் இது அடங்காமல் இருக்கலாம். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய்களுக்கு அது நல்லதில்லை. அதை அளக்க அன்று எங்கள் கூடத்தில் வசதி இல்லை. வேலூருக்குத்தான் அனுப்ப வேண்டும். டாக்டர் எழுதாமல் யாரும் அனுப்ப மாட்டார்கள். யாராவது கேட்காமல் டாக்டர் எழுத மாட்டார். டியூபைப் பார்க்காதவர் எப்படிக் கேட்பார்? பார்த்தவள் நான்.

பயிற்சிக் காலத்து நோட்டில் ஒரு குறிப்பு இருந்தது. கலங்கிய சீரத்தை ஒரு ராத்திரி குளிர்சாதனப் பெட்டியில் ஆடாமல் வைக்க வேண்டும். சாப்பிட்ட கொழுப்பாக இருந்தால் பாலாடை மாதிரி மேலே ஒதுங்கிவிடும். உடம்பே உண்டாக்கிய கொழுப்பாக இருந்தால் மேலிருந்து கீழ்வரை கலங்கியே நிற்கும். அதைச் சொன்னேன். "எத வெச்சு ஒப்பிடுவ?" என்றார் சீனியர். கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் சரியான கேள்வி.

வெளியே போனேன். சன்னதித் தெரு ஹோட்டலில் உட்கார்ந்து, நெய்யைக் கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டு இரண்டு பிளேட் பொங்கல் சாப்பிட்டேன். மதியம் சாய்கிற நேரத்தில் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் கையை நீட்டினேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள். என் சீரத்தையும் குப்பம்மாளின் சீரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யாரும் தொடக்கூடாது என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். கரண்ட் போய்விடுமோ, யாராவது எடுத்து ஊற்றிவிடுவார்களோ என்று பயந்தேன். நான் ஊற்றவில்லையா?

காலையில் என் டியூபில் மேலே மெல்லிய வெள்ளை ஏடு, கீழே தெளிந்த நீர். குப்பம்மாளின் டியூபில் ஏடு இல்லை. அடி வரைக்கும் கலங்கல்.

சீனியர் இரண்டையும் ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு, நீ சொன்னது சரிதான், ஆனால் எழுதாதே என்றார். கேட்காததை எழுதினால் டாக்டருக்கே நாம் பாடம் நடத்துகிற மாதிரி ஆகிவிடும், நாளைக்கு அவர் வேறு கூடத்துக்குச் சீட்டு எழுதுவார், இங்கே ஐந்து பேர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி.

நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். முடிவுச் சீட்டில் சர்க்கரைக்குக் கீழே இரண்டு வரி: வெறும் வயிற்றில் எடுத்த சீரம் முழுவதும் கலங்கியிருக்கிறது. டிரைகிளிசரைடு பார்ப்பது நல்லது.

அவர் புதிய சீட்டை என் முன்னால் வைத்து, சர்க்கரையை மட்டும் எழுதித் தரச் சொன்னார்.

"நீங்களே எழுதிக்கோங்க சார். அதுல என் கையெழுத்து வராது."

"வேல போச்சுன்னா என்ன பண்ணுவ, கைக்கொழந்தக்காரி?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு சார். ஆனா மாத்தி எழுத மாட்டேன்."

வாழ்க்கையில் ஒருவரிடமும் அதற்கு முன்னால் நான் அப்படிப் பேசியதில்லை. குரல் நடுங்கியது. நடுங்கினாலும் சொற்கள் வந்துவிடுகின்றன என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது நிற்காது.

குப்பம்மாள் டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருவார். வழக்கமாகச் சீட்டுகளை யாராவது கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். அன்று நானே எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் படித்துவிட்டு, இதை யார் எழுதச் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, பார்த்தேன், எழுதினேன் என்றேன். குப்பம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சக்கர நல்லா இருக்கு. நெலத்துல வேல செய்றாங்க, மலை சுத்துறாங்க. பொம்பளைங்களுக்கு ஹார்ட்ல அவ்ளோ சீக்கிரம் ஒண்ணும் வராதுமா. எதுக்கு பயமுறுத்துறீங்க?"

"மலை சுத்தும்போது எத்தன எடத்துல உக்காருறாங்கனு கேளுங்க சார்."

அவர் கேட்டார். எரிச்சலோடுதான் கேட்டார்.

"முன்னல்லாம் உக்காரவே மாட்டேன் சாமி" என்றார் குப்பம்மாள். "இப்ப மூணு நாலு எடத்துல உக்காந்துடறேன். வயசாவுது இல்ல?"

நெஞ்சுவலி உண்டா என்று கேட்டார். வலியெல்லாம் இல்லை, மூச்சுதான் முட்டுகிறது என்றார். மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் ஒரு நாள் வேர்த்து ஊற்றி, மரத்தடியில் படுத்துவிட்டதாகவும், எல்லாரும் வெயில் என்றார்கள் என்றும், ஏதோ வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். எந்த நாள் என்று டாக்டர் கேட்டார். அவருக்கு நினைவில்லை. அவர்கள் பக்கம் மல்லாட்டை பிடுங்குகிற வேலை வாரக்கணக்கில் ஓடும். என் முதல் டியூபுக்கு முன்னாலும் ஓடியது, பின்னாலும் ஓடியது.

டாக்டரின் முகம் மாறியது. உடனே ஈ.சி.ஜி. எடுத்தார். இதயத்தில் ஏற்கெனவே ஒரு அடி விழுந்து ஆறிய தழும்பு இருந்தது. சர்க்கரை நோய் நரம்புகளை மழுங்கடித்துவிடுவதால் சிலருக்கு மாரடைப்பு வலி இல்லாமலே வந்து போய்விடும் என்று விளக்கினார். வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே டிரைகிளிசரைடு பார்த்தார்கள். மிக அதிகமாக இருந்தது. சில நாட்கள் படுக்கையில் வைத்திருந்தார்கள். மாத்திரை மாறியது, சாப்பாடு மாறியது. மலை சுற்றுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தச் சொன்னதற்குத்தான் குப்பம்மாள் அழுதார். இரண்டாவது அடி விழவில்லை. இன்றும் நன்றாக இருக்கிறார்.

டாக்டர் எனக்கு நன்றி சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவரிடமிருந்து வந்த சீட்டுகளில் சர்க்கரையோடு கொழுப்பும் எழுதி வந்தது, பெண்களுக்கும். சீனியர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் அவரே வாசலில் நின்று ஒவ்வொருவரையும், "சாப்பாட கேக்கல, பிரசாதம் சாப்ட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொங்கல் என்ற சொல்லைக் கூடத்தில் யாரும் திரும்பச் சொல்லவில்லை.

இதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் அங்கே வேலை பார்த்தேன். விரட்டிவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் விரட்டவில்லை. கேட்காததை எழுதுவதையும் நான் நிறுத்தவில்லை. சில தடவை நான் எழுதியது வீண் பயமாகப் போயிற்று. அதற்கும் திட்டு வாங்கினேன். வாங்கிக்கொண்டு மறுபடி எழுதினேன்.

இவ்வளவு தைரியமாக எழுதுகிறவள், ஒரு ஆளிடம் மட்டும் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை.

குப்பம்மாள் ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு பை மல்லாட்டையோடு வேங்கிக்காலுக்கு வருகிறார். தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் இந்தப் பொண்ணு கண்ணுலதான் என் உயிர் இருந்தது என்கிறார். முதல் இரண்டு டியூபையும் பார்த்தது இதே கண்தான் என்பது அவருக்குத் தெரியாது. போன வாரம் வெற்றிலை பாக்கோடு வந்தார். மகளின் குழந்தைக்கு அடுத்த மாதம் காதுகுத்து. வருகிறவர்களில் முதல் சந்தனம் எனக்குத்தானாம்.

"நீ இல்லாட்டி நான் பேரப்புள்ளய மடியில போட்டுக்கினு இருப்பனா கண்ணு? மொத ஆளா வந்து நிக்கணும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பஸ் ஏறிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

முடிந்துபோனதைக் கிளறாதே என்கிறார் வீட்டுக்காரர். சொன்னால் கூடத்தின் பெயர் கெடும் என்கிறார் சீனியர். அவர் அப்படிச் சொன்னதாலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் எனக்கு வேறு பயம். குப்பம்மாள் மாதாமாதம் ரத்தம் கொடுக்க வேண்டியவர். நம் மேல் இருக்கிற நம்பிக்கையில்தான் அந்தப் பெஞ்சில் வந்து உட்காருகிறார். நான் சொல்லி, அவர் வராமல் நின்றுவிட்டால்? என் மனப்பாரத்தை இறக்கிவைக்க அவர் உடம்பையா கேட்பது? அப்படியும் யோசிக்கிறேன். பிறகு, இது சொல்லாமல் இருப்பதற்கு நானே தேடிக்கொண்ட சாக்கோ என்றும் யோசிக்கிறேன். மாற்றி எழுத மாட்டேன் என்று சீனியரிடம் சொன்னவள், இந்தச் சீட்டில் மட்டும் பாதியை மறைத்துக் கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் இப்போது அந்த மேஜை முன்னால் நிற்கிறவர்கள். உங்கள் கையிலும் ஒரு நாள் ஒரு டியூப் தவறும். எனக்கு ஆறுதல் வேண்டாம். யாராக இருந்தாலும் ஊற்றியிருப்பார்கள் என்று எழுதாதீர்கள். குப்பம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து நிற்கும்போது நான் கையை நீட்டட்டுமா, அல்லது முதலில் அவரைத் தனியே அழைத்துப்போய் அந்த இரண்டு மாதத்தைச் சொல்லட்டுமா? நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். காதுகுத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.